சாட்சிக் கையொப்பம்

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று, அம்மருந்தை உடனிருந்து பிழையின்றி ஊட்டுபவர் ஒருவர். இந்த நான்காமவரை ‘உழைச்செல்வான்’ என்று குறள் குறிக்கும். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று பணி செய்பவர் என்பது அச்சொல்லின் பொருள். இன்றைய வழக்கில் அவரைத் தாதி என்கிறோமே, அவரேதான் அவர். மருத்துவர் நாளில் சில மணித்துளிகள் படுக்கையருகே நிற்கிறார். தாதியோ இரவு முழுவதும் நிற்கிறார்.

நான்கு கூறுகளும் தத்தம் இடத்தில் நிற்கும்வரை மருத்துவம் முறையாக நடக்கும். ஆனால் நான்காம் இடத்தில் நிற்பவர் முதல் இடத்திற்குச் சரிந்து விழுந்துவிட்டால் என்ன ஆகும்? நோயாளிக்கென்று வந்த மருந்தை அவர் தமக்கே செலுத்திக்கொள்ளத் தொடங்கினால் என்ன ஆகும்? அதனை அருகிருந்து காணும் உடன்பணியாளர் என்ன செய்தல் வேண்டும்? மருத்துவமனைகளின் உள்ளே மெல்லிய குரலில் மட்டும் பேசப்படும் கேள்வி இது. உரத்துப் பேசப்பட வேண்டிய கேள்வியும் இதுவே.

மலேசியத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தாதியர் தொழில் வெறும் பிழைப்பாக இருந்ததில்லை. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போன தாயின் மகள், வெள்ளுடை அணிந்து அரசாங்க மருத்துவமனைக்குள் நடந்து சென்றது ஒரு குடும்பம் தலைநிமிர்ந்த நிகழ்ச்சி. லயத்தில் குடியிருந்தோர் அனைவரும் அவளைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே கருதினர். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், முதியவருக்கு மூச்சுத் திணறல் என்றாலும், முதலில் தட்டப்பட்டது ‘மிஸி’யின் வீட்டுக் கதவுதான். இத்துணை மதிப்பு ஒருவர்மீது குவியும்போது, அவர் தடுமாறினால் அதைச் சொல்லவும் நாக்கூசும். நம்பவும் மனம் மறுக்கும். மதிப்பே ஒரு திரையாகிவிடுகிறது. திரைக்குப் பின்னால் நோய் வளர்கிறது.

பிற தொழில்களில் உள்ளோர் போதைக்கு ஆட்பட்டால், அப்பொருளைத் தேடி இருண்ட சந்துகளுக்குப் போக நேரும். தாதிக்கு அந்த அலைச்சல் இல்லை. அது அவருடைய பணியிடத்திலேயே, பூட்டிய அலமாரிக்குள், தூய கண்ணாடிக் குப்பியில், அளவு குறிக்கப்பட்டு இருக்கிறது. அலமாரியின் சாவியோ அவர் பொறுப்பில் இருக்கிறது. நெருப்போடு புழங்கும் கொல்லருக்குத் தீப்புண் எப்படித் தொழிலின் இடரோ, அப்படியே இதுவும் இத்தொழிலின் இடர். இந்த உண்மையை ஏற்காத மருத்துவமனை, இடர் நேர்ந்த பின்னரும் அதைக் காண மறுக்கும்.

மார்ஃபின், பெத்திடின், ஃபெண்டானில் ஆகியவை கடுமையான வலியைத் தணிக்கும் மருந்துகள். அறுவை முடிந்தவருக்கும், எலும்பு முறிந்தவருக்கும், புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கும் அவை பெரும் துணை. மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டமும், சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டமும் அவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே வார்டுகளில் அவற்றுக்குத் தனி அலமாரி, தனிப் பூட்டு, தனிப் பதிவேடு. ஒரு முறையினர் போய் மறு முறையினர் வரும்போது குப்பிகள் ஒவ்வொன்றாக எண்ணப்படும். எந்த நோயாளிக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு, யார் கட்டளைப்படி என்பன எல்லாம் எழுதப்படும்.

அந்தப் பதிவேட்டில் இன்னொரு கட்டமும் உண்டு. ஒரு குப்பியில் 100 மில்லிகிராம் பெத்திடின் இருக்கிறது. மருத்துவர் எழுதியதோ 50 மில்லிகிராம். எஞ்சிய 50 மில்லிகிராமைக் கொட்டிவிட வேண்டும். கொட்டுவதை இன்னொருவர் நின்று பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்பத்தின் பொருள் ஒன்றே ஒன்றுதான்: கண்டேன் என்பது. இந்த முறைமையின் வலிமை முழுவதும் அந்த ஒரு சொல்லில் தங்கியிருக்கிறது. பூட்டை உடைக்காமலே அலமாரியை வெறுமையாக்க முடியும். காணாதவர் கண்டதாகக் கையொப்பமிட்டால் போதும்.

ஒரு வார்டை எண்ணிப் பார்க்கலாம். அதற்குப் பெயர் வேண்டியதில்லை. எந்த ஊரிலும் அது இருக்கக்கூடும். அங்கே மூத்த தாதி ஒருத்தி. பதினைந்தாண்டுப் பணி. நரம்பு தெரியாத கையிலும் ஒரே குத்தில் ஊசியேற்றுபவள். அவளுக்குக் கீழே இளையவள் ஒருத்தி. பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து இரண்டாண்டு. முதல் மரணத்தைக் கண்டு கழிவறையில் நின்று அழுதபோது முகம் கழுவிவிட்டுத் தேநீர் வாங்கிக் கொடுத்தவள் மூத்தவள். தந்தை இறந்து ஊருக்குப் போன நாள்களில் இளையவளின் இரவு வேலையையும் சேர்த்துப் பார்த்தவள் அவளே. இளையவள் அவளை ‘அக்கா’ என்று அழைத்தாள். அது வார்டின் மரியாதைக்காக மட்டும் வந்த சொல் அன்று.

மூத்தவளுக்கு நெடுநாளாக முதுகுவலி. பருத்த நோயாளிகளைப் புரட்டியும் தூக்கியும் பெற்ற வலி அது. மாத்திரை கேட்கவில்லை, விடுப்பு கிடைக்கவில்லை. வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள், வேலையிழந்த கணவன், கட்ட வேண்டிய வீட்டுக்கடன். ஓர் இரவு, கொட்ட வேண்டிய மிச்சம் கையில் இருந்தது. எப்படியும் வீணாகப் போவதுதானே என்று தோன்றியது. வலி போயிற்று. வலியோடு சேர்ந்து கவலையும் சில மணி நேரம் போயிற்று. வலி திரும்பி வந்தபோது கவலை இருமடங்காகத் திரும்பி வந்தது. தொடக்கம் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. இன்பம் தேடிப் போனவரைவிடத் துன்பம் தாளாமல் போனவரே இவ்வழியில் மிகுதி.

“நான் இம்மருந்தை அறிவேன், இதன் அளவை அறிவேன், என்னை இது வெல்லாது” என்னும் நினைப்பு மருத்துவத் துறையினருக்கே உரிய மயக்கம். அறிவு ஒரு காப்பு என்று எண்ணுகின்றனர். ஆனால் மார்ஃபின் வகை மருந்துகள் மூளையில் சென்று பற்றும் இடங்கள், படித்தவர் படிக்காதவர் என்று பார்ப்பதில்லை. நாளடைவில் பழைய அளவு போதாமல் போகும், அளவு கூடும். நிறுத்தினால் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், கொட்டாவியும் வியர்வையும் தசைவலியும் வயிற்றுப் போக்கும் வரும், உறக்கம் ஓடிவிடும். அந்நிலையில் அவர் ஊசியை நாடுவது மகிழ்ச்சிக்காக அன்று. எழுந்து நின்று வேலை செய்வதற்காக. பெத்திடின் 1930களின் இறுதியில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டபோது, மார்ஃபினைப்போல் அது மனிதரை அடிமைப்படுத்தாது என்று நம்பியவர்கள் மருத்துவர்களே. அந்த நம்பிக்கை பொய்த்துப் போனதை முதலில் உணர்ந்தவர்களுள் மருத்துவத் துறையினரும் இருந்தனர்.

தாதியர் உலகம் இந்த இடரை நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருக்கிறது. நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் வழங்கும் உறுதிமொழியை அவர் எழுதவில்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்திரா கிரெட்டர் என்பாரும் அவர் குழுவினரும் இயற்றினர். தீங்கு பயக்கும் மருந்தைத் தானும் உட்கொள்வதில்லை, அறிந்து பிறருக்குக் கொடுப்பதும் இல்லை என்னும் உறுதி அதில் இடம் பெற்றிருக்கிறது. பிறருக்குக் கொடுக்காமை இருக்கட்டும். தானும் உட்கொள்ளாமையை ஏன் சேர்த்தனர்? மருந்தலமாரியின் அருகே வாழ்க்கை நடத்துவோரின் சோதனை எது என்பது அன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றே கொள்ள வேண்டும்.

இனி அந்த வார்டுக்குத் திரும்பலாம். இளையவள் சிறிது சிறிதாகச் சில செய்திகளைக் கவனிக்கிறாள். அக்காவுக்கு விடுப்பு நாள். ஆயினும் வேலைக்கு வந்து நிற்கிறாள். வலி ஊசி என்றால் தானே முன்வருகிறாள். ஊசி போட்டு முடித்ததும் நெடுநேரம் கழிவறையில் இருக்கிறாள். புழுக்கமான இரவிலும் கை முழுவதையும் மூடும் உள்சட்டை. ஒரு மணி நேரம் கலகலப்பு. அடுத்த மணி நேரம் எரிச்சல். குப்பி உடைந்தது, தவறி விழுந்தது என்னும் குறிப்புகள் பதிவேட்டில் பெருகுகின்றன. எல்லாவற்றினும் மேலாக, அக்கா ஊசி போட்ட நோயாளிகளே விடிய விடிய முனகுகின்றனர். ஏட்டில் மருந்து ஏறியிருக்கிறது. உடம்பில் வலி இறங்கவில்லை.

ஒருநாள் அதிகாலை மூன்று மணி. “தங்கச்சி, மிச்சத்தைக் கொட்டிவிட்டேன், இங்கே ஒரு கையெழுத்துப் போடு” என்கிறாள் மூத்தவள். இளையவள் கொட்டியதைப் பார்க்கவில்லை. “அக்கா, நான் பார்க்கவில்லையே” என்று சொல்ல வாய் எழுகிறது. ஆனால் அழுதபோது முகம் கழுவிவிட்ட கையல்லவா பேனாவை நீட்டுகிறது? அவள் கையொப்பமிடுகிறாள். நன்றி என்று எண்ணியே இடுகிறாள். அந்த இரவு அவள் அக்காவுக்குச் செய்த உதவி, அக்காவை மேலும் ஒரு படி கீழே இறக்கிவிட்டது.

இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. உடன்பணியாளர் பேசாமல் இருப்பது அச்சத்தால் மட்டும் அன்று, அன்பாலும்தான். குடும்பத்தின் சோற்றில் மண் விழுந்துவிடுமே என்னும் இரக்கம். காட்டிக்கொடுத்தவள் என்னும் பழிச்சொல்லுக்கு அஞ்சும் மனம். நினைத்தது தவறாக இருந்துவிட்டால் என்னும் தயக்கம். மேலதிகாரிக்குத் தெரியாமலா இருக்கும் என்னும் சாக்கு. இவற்றுள் எதுவும் தீய எண்ணம் அன்று. ஆயினும் இவை அனைத்தும் சேர்ந்து செய்யும் வேலை தீயதாகவே முடிகிறது.

ஏனெனில் இந்தக் கதையில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் படுக்கையில் கிடக்கிறார். தொடையெலும்பு முறிந்த முதியவராக இருக்கலாம். வயிற்றறுவை முடிந்த தாயாக இருக்கலாம். அவருக்கென எழுதப்பட்ட மருந்துக்கு மாற்றாக உப்புநீர் அவர் உடம்பில் ஏறியிருக்கிறது. வலிக்கிறது என்று சொன்னால், இப்போதுதானே ஊசி போட்டோம் என்று விடை வருகிறது. வலியைத் தாங்க மாட்டாதவர் என்னும் பெயரும் அவருக்குக் கிட்டுகிறது. தம்மிடமிருந்து எது திருடப்பட்டது என்பதே அறியாதவர் அவர். அவருக்காகப் பேசக்கூடிய ஒரே மனிதர், அலமாரியருகே சாட்சியாக நின்ற உடன்பணியாளர்தாம்.

திருட்டு வலியோடு நிற்பதும் இல்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 2012இல் வெளிப்பட்ட ஒரு வழக்கு உலகெங்கும் மருத்துவமனைகளை நடுங்கச் செய்தது. குற்றவாளி தாதி அல்லர். இதய நோய்ப் பிரிவில் பணியாற்றிய தொழில்நுட்பர். நோயாளிகளுக்கென வைத்திருந்த ஃபெண்டானில் ஊசிக்குழலை எடுத்துத் தமக்குச் செலுத்திக்கொண்டு, அதே குழலில் உப்புநீரை நிரப்பித் திரும்ப வைத்துவிடுவது அவர் வழக்கம். அவர் உடம்பில் ஹெப்பட்டைட்டிஸ் சி என்னும் கல்லீரல் அழற்சி நோய்க்கிருமி இருந்தது. பல மாநிலங்களில் பணியாற்றிய அவரால் குறைந்தது 45 பேருக்கு அந்நோய் தொற்றியதாக அரசுத் தரப்பு கூறிற்று. 2013இல் அவருக்கு 39 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அவ்வழக்கில் நெஞ்சைத் தைக்கும் பகுதி தண்டனை அன்று. அதற்கு முன்பே சில இடங்களில் அவர்மீது ஐயம் எழுந்திருந்தது. பணியிலிருந்து வெளியேற்றவும் பட்டார். ஆனால் செய்தி அடுத்த மருத்துவமனையை உரியவாறு எட்டவில்லை. நமக்கேன் வம்பு என்று ஓரிடத்தார் கதவைச் சாத்தினர். அவர் அடுத்த ஊரின் கதவைத் தட்டினார். நோயுற்ற பணியாளரை ஓசையின்றி அனுப்பிவிடுவது அவருக்கும் மருத்துவம் ஆகவில்லை, நோயாளிகளுக்கும் காப்பாகவில்லை. மறைத்தல் எவ்வாறு தவறோ, அவ்வாறே துரத்தித் தப்பித்துக்கொள்ளுதலும் தவறு.

அப்படியானால் அன்புடையார் செய்யத்தக்கது யாது? ருஷ்ய எழுத்தாளர் மிகயீல் புல்காகவ் வாழ்க்கை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. அவர் மருத்துவம் படித்தவர். ஸ்மோலென்ஸ்க் பகுதியின் ஒரு சிற்றூர் மருத்துவமனையில் பணியாற்றியபோது, 1917இல், தொண்டையடைப்பான் கண்ட ஒரு குழந்தைக்குச் சிகிச்சை செய்தார். தமக்கும் தொற்றிவிடுமோ என்று முறிமருந்து ஊசி போட்டுக்கொண்டார். அதனால் எழுந்த தாங்க முடியாத அரிப்பையும் வலியையும் தணிக்க மார்ஃபின் போட்டுக்கொண்டார். பிறகு அதை விட முடியவில்லை. அவர் மனைவி தத்தியானா, அவர் கெஞ்சியும் மிரட்டியும் கேட்டபோதும் தளராமல் நின்று, மருந்தில் நீரைக் கூட்டிக் கூட்டி அளவைக் குறைத்து அவரை மீட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1918க்குப் பின் அவர் அப்பழக்கத்தினின்றும் விடுபட்டு, 1940இல் இறக்கும்வரை எழுதினார்.

அவரே 1927இல் ‘மார்ஃபின்’ என்னும் கதையை வெளியிட்டார். அக்கதையில் வரும் இளம் மருத்துவனுக்கும் அன்புடைய பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் அவனோடு பணியாற்றும் தாதி. அவள் அழுகிறாள், மன்றாடுகிறாள், ஆனால் அவன் கேட்கும்போது மறுக்க மாட்டாமல் மருந்தைக் கலந்து கொடுத்துவிடுகிறாள். கதையின் மருத்துவன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறக்கிறான். வாழ்க்கையில் தடுத்த பெண்ணும், கதையில் கொடுத்த பெண்ணும் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். ஒருத்தியின் அன்பு அவன் வெறுப்பைத் தாங்கிக்கொள்ளத் துணிந்தது. மற்றவளின் அன்பு அதற்குத் துணியவில்லை. நட்பின் பணி சிரித்து மகிழ்வதோடு முடிவதன்று, வரம்பு கடக்கும்போது முன்சென்று இடித்துரைப்பதே என்று வள்ளுவர் நட்பதிகாரத்தில் வகுத்ததும் இதைத்தானே?

ஆனால் இடித்துரைத்தலுக்கும் முறை உண்டு. ஐயம் எழுந்தவுடன் வார்டெங்கும் கிசுகிசுப்பது இடித்துரைத்தல் ஆகாது. சோர்வும் எரிச்சலும் துக்கத்தாலும் வரும், உறக்கமின்மையாலும் வரும், வேறு நோயாலும் வரும். குற்றமற்ற ஒருத்தியின் பெயரைக் கெடுத்துவிட்டால் அதைத் திருப்பித் தரும் மருந்து எந்த அலமாரியிலும் இல்லை. ஆகவே உடன்பணியாளர் தாம் கண்டதை மட்டும் நாள், நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். கண்டது வேறு, கருதியது வேறு. அக்குறிப்புடன் வார்டு சிஸ்டரிடமோ மேட்ரனிடமோ தனியே செல்ல வேண்டும். துப்பறிவது அவர் வேலை அன்று. தெரிவிப்பதே அவர் வேலை. பதிவேட்டையும் இருப்பையும் சரிபார்த்து உண்மை காண்பது நிருவாகத்தின் பொறுப்பு.

காணாததற்குக் கையொப்பமிடாமை அவர் அன்றே தொடங்கக்கூடிய பணி. “அக்கா, மன்னிக்க வேண்டும்; இனிமேல் கொட்டும்போது என்னைக் கூப்பிடுங்கள்; பார்த்துவிட்டுப் போடுகிறேன்” என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. எல்லாரிடமும் எப்போதும் அப்படியே சொல்லும் பழக்கம் வார்டில் இருந்திருந்தால், அச்சொல் யாரையும் சுட்டிக் குத்தியிருக்காது. அந்த அக்காவும் இவ்வளவு தொலைவு போயிருக்க மாட்டாள்.

உண்மை வெளிப்படும் நாள் மிகவும் ஆபத்தான நாள். பல ஆண்டுகள் கட்டிக் காத்த பெயர் ஒரு மணி நேரத்தில் சரிகிறது. அந்நேரத்தில் அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்புவது பெரும் பிழை. தம் உயிரையே முடித்துக்கொள்ளும் எண்ணம் அப்போது தலைதூக்கக்கூடும். மருந்தின் மயக்கத்தில் வண்டி ஓட்டவும் விடலாகாது. அவரோடு ஒருவர் இருக்க வேண்டும்; அன்றே மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். சிலகாலம் மருந்தை விட்டிருந்தவர் மீண்டும் பழைய அளவை எடுத்தால் உடம்பு அதைத் தாங்காது, மூச்சு நின்றுவிடும் என்பதையும் உடனிருப்போர் அறிந்திருத்தல் வேண்டும். நோயாளியிடம் காட்டும் பரிவு அத்தனையும் இப்போது இவருக்கும் உரியது. நான்காம் இடத்தில் நின்றவர் இன்று முதலாம் இடத்தில் கிடக்கிறார் அன்றோ?

சட்டத்தின் அச்சம் இங்கே பலரைப் பேசவிடாமல் செய்கிறது. அந்த அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் ஒருவர் போதைப் பொருளுக்கு அடிமையானவர் என்று ஐயுறும் மருத்துவர் 7 நாள்களுக்குள் அதிகாரிகளுக்கு அறிவித்தாக வேண்டும். மருந்தைத் திருடுவது குற்றம். பொய்யாகப் பதிவு செய்வது குற்றம். தாதியர் பதிவையும் இழக்க நேரலாம். இவற்றை இனிப்புத் தடவிச் சொல்வது ஏமாற்றாகும். எனினும் மலேசியாவில் 1983ஆம் ஆண்டின் போதைப் பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம், தாமே முன்வந்து சிகிச்சை கேட்போருக்கும் வழி வைத்திருக்கிறது. அச்சட்டம் 2024இல் திருத்தப்பட்டது. மெத்தடோன் என்னும் மாற்று மருந்துச் சிகிச்சை 2005ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் தொடங்கப்பட்டுவிட்டது. போதைப் பழக்கத்தை ஒழுக்கக்கேடாக மட்டும் பார்த்த காலம் மெல்ல மாறி, அதை நோயாகவும் காணும் காலம் வந்துகொண்டிருக்கிறது. முன்னதாகத் தெரிவிக்கப்பட்டவருக்கு இவ்வழிகள் திறந்திருக்கும். கைவிலங்கோடு பிடிபட்டவருக்கோ, கழிவறைத் தரையில் உயிரற்றுக் கிடப்பவருக்கோ அவை திறந்து என்ன பயன்?

பிற நாடுகள் இதில் முன்னடி வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1983இல் தாதியருக்கெனவே ஓர் உதவித் திட்டம் வகுக்கப்பட்டது. போதைக்கு ஆட்பட்ட தாதியை உடனே பணியினின்று நீக்கிக் கைகழுவுவதற்கு மாறாக, அவரை நோயாளிகளிடமிருந்து விலக்கி, சிகிச்சைக்கு அனுப்பி, நீண்டகாலம் கண்காணித்து, தகுதி மீண்டால் பணிக்கு மீட்கும் முறை அது. பிற மாநிலங்கள் பலவும் இத்தகைய வழியைப் பின்னர் மேற்கொண்டன. இம்முறையில் நோயாளியின் காப்பும் தாதியின் வாழ்வும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. தெரிவித்தால் வாழ்வு முடிந்துவிடாது என்று தெரிந்த இடத்தில், தெரிவிப்பதற்கு நா எழும். மேலதிகாரிகள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது. தண்டனை ஒன்றையே காட்டும் நிருவாகம், தன் கீழ்ப் பணிபுரிவோரைப் பொய்ச் சாட்சிகளாக்கிவிடுகிறது.

சிகிச்சை முடிந்து ஒருவர் மீண்டு வருகிறார் என்று கொள்வோம். அன்றும் உடன்பணியாளருக்கு வேலை இருக்கிறது. அலமாரிச் சாவி சில காலம் அவர் கையில் இராது. இரவு வேலை இராது. குறித்த நாள்களில் சிறுநீர்ச் சோதனை இருக்கும். இக்கட்டுப்பாடுகளை இகழ்ச்சியின் அடையாளமாக்கிப் பேசுவோர் அவரைப் பழைய குழிக்கே தள்ளுகின்றனர். கால் முறிந்து கட்டுப்போட்டவரிடம் ஓடச் சொல்வாருண்டோ? ஊன்றுகோலைக் காட்டிச் சிரிப்பாருண்டோ? ஊன்றுகோல் என்று எண்ணி அதை மதிப்பவர்களே அவரை மறுபடி நடக்க வைப்பவர்கள்.

அந்த இளையவள் என்ன செய்தாள் என்று கேட்கலாம். ஒவ்வொரு வார்டிலும் அவள் ஒவ்வொரு விதமாகச் செய்கிறாள். சில இடங்களில் கையொப்பமிட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒருநாள் அக்காவின் சாவுச் செய்தி வருகிறது, அல்லது காவல்துறையினர் வருகின்றனர். சில இடங்களில் மேட்ரனின் அறைக்கதவை நடுங்கும் கையால் தட்டுகிறாள். அக்கா பல மாதங்கள் அவளோடு பேசாமல் இருக்கிறாள். தோழியர் சிலர் அவளோடு சேர்ந்து உண்ணவும் மறுக்கின்றனர். அத்தனையையும் தாங்கிக்கொண்டு அவள் தன் படுக்கைகளுக்கிடையே நடந்துகொண்டிருக்கிறாள். அங்கே தொடையெலும்பு முறிந்த முதியவர் அன்றிரவு உறங்குகிறார். அவருக்குரிய மருந்து அவரிடம் வந்து சேர்ந்துவிட்டது.

உடன் நிற்றல் என்பதற்குக் கண்ணை மூடிக்கொண்டு நிற்றல் என்று பொருள் இல்லை. கண் திறந்து நிற்பவரே நோயாளிக்கும் துணை. வீழ்ந்த தோழிக்கும் துணை. தாதியர் கண்டதற்கு மட்டுமே கையொப்பமிட வேண்டும்; கண்டதை மறைக்கவும் கூடாது. சொல்லும்போது கசக்கும் இது, வீழ்ந்தவரை எழுப்பும் மருந்தின் முதல் வேளை.